ஒரு கை பச்சைக் காய்

கம்பம்மெட்டுக்கு மேலே,
9 ஜூன் 2024

ஸ்தோத்திரம்.

என் பிரியமான உமாவுக்கு, சாராள் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் ஜஸ்டினும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரர் தங்கப்பாண்டியன் அண்ணனும் பிள்ளை மதன்குமாரும் எப்படி இருக்கிறீர்கள்?

கவரைப் பார்த்ததும் சிரித்திருப்பாய். சிரி. போன் இருக்கிறது, டவர்தான் இல்லை. பம்ப் ஹவுஸ் பக்கத்தில் ஒரு பாறை மேல் ஏறி நின்றால் இரண்டு கோடு வரும். அங்கே எப்போதும் நாலு பேர் காதில் போனை வைத்துக் கத்திக்கொண்டிருப்பார்கள். அவர்கள் நடுவில் நின்று என் முட்டி வலியைப் பற்றி உன்னிடம் பேசவா? பெரியகுளம் ஹாஸ்டலில் இருந்து லீவுக்கு வந்தால் நான் போடியிலிருந்தும் நீ சுருளிப்பட்டியிலிருந்தும் வாரம் ஒரு கடிதம் போடுவோமே, அது ஞாபகம் வந்தது. பேனாவை எடுத்துவிட்டேன்.

பெரிய மாற்றம் இதுதான்: போடிக் கடையைக் கொழுந்தனிடம் விட்டுவிட்டோம். ஜஸ்டின் இங்கே ஏலத்தோட்டம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். இருபத்து மூன்று வருஷம் ஏலக்காயை மூட்டையாகத்தான் பார்த்தேன், இப்போதுதான் செடியாகப் பார்க்கிறேன். காய் கிளையில் தொங்கும் என்று நினைத்திருந்தேன். அது வேர்ப் பக்கம் மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறது. பெண்கள் நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து எடுக்கிறார்கள். கம்பத்திலிருந்து விடியக்காலை ஜீப்பில் வந்து சாயங்காலம் திரும்புகிறார்கள். முதலாளியம்மா என்பதற்கு மலையாளத்தில் ‘கொச்சம்மா’வாம், என்னை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். முதல் நாள் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வேலை முடிந்து போகும்போது கேட்டில் நிறுத்தி ஒவ்வொருத்தி பையையும் தூக்குச்சட்டியையும் திறந்து பார்க்கிறார் கங்காணி ஒச்சாண்டி. காயை ஒளித்துக்கொண்டு போகிறார்களாம். “இது என்ன அசிங்கம்?” என்று கேட்டேன். “எல்லாத் தோட்டத்துலயும் உள்ளதுதான், நீ உள்ள போ” என்றார் ஜஸ்டின். அந்த நேரத்தில் நான் வெளியே வருவதில்லை.

பன்னீர் திராட்சை எப்படி? என் மகள் மகிமா கல்யாணத்துக்கு நீ கொண்டுவந்த கூடையை அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மூன்று வருஷமாகிறது உன்னைப் பார்த்து. மூன்று பக்கத்துக்குக் குறையாமல் பதில் போடு.

உன் ஞாபகமாகவே இருக்கும்,
சாரா

—

சுருளி வேலப்பர் துணை

சுருளிப்பட்டி,
30 ஜூன் 2024

அன்புள்ள கொச்சம்மாவுக்கு,

நலம். அங்கே உன் முட்டி தவிர மற்றதெல்லாம் நலம் என்று நம்புகிறேன். ஹாஸ்டலில் மாடிப்படி ஏறவே அழுதவள் இப்போது மலையில் குடியிருக்கிறாள். ஜஸ்டின் அண்ணனுக்கு நல்ல தைரியம்தான்.

இங்கே எல்லாம் எப்போதும் போல. தோட்டம் இருக்கிறது, உன் அண்ணன் இருக்கிறார். முன்னைப் போல அலைவதில்லை, அதிகம் வீட்டில்தான். மதன் கோயம்புத்தூரில் காலேஜ் மூன்றாம் வருஷம். போன் பண்ணினால் ஒரு நிமிஷத்துக்கு மேல் பேசமாட்டான். நானும் காலையில் கம்பம் வரைக்கும் ஒரு வேலையாகப் போய் வருகிறேன், பொழுது போகிறது.

நீ கடிதம் போட்டது நல்லதாகப் போயிற்று. போனே வேண்டாம். போனில் பேசினால் அடுப்பில் என்ன கருகுகிறது என்பதுதான் நினைப்பில் இருக்கும். இதில் நிதானமாக யோசித்து எழுதலாம்.

உன் தோட்டம் எந்தப் பக்கம்? கட்டப்பனை ரோட்டிலா, நெடுங்கண்டம் ரோட்டிலா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். மழைக்கு அட்டை ஏறிக் கடிக்கும், உப்பும் புகையிலையும் துணியில் முடிந்து காலில் தேய்த்துக்கொள். செருப்பை நம்பாதே.

இப்போது இங்கே வந்துவிடாதே, வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறோம், உட்கார இடம் இல்லை. முடிந்ததும் நானே சொல்கிறேன்.

முட்டிக்கு எண்ணெய் போடு.

உன் உமா

—

கம்பம்மெட்டுக்கு மேலே,
4 ஆகஸ்ட் 2024

ஸ்தோத்திரம்.

பிரியமான உமா, நாங்கள் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் தினமும் ஜெபிக்கிறேன்.

மூன்று பக்கம் கேட்டேன், ஒன்றேகால் பக்கம் போட்டிருக்கிறாய். அதுவும் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி. கிளாஸிலேயே அழகான கையெழுத்து உன்னுடையதுதானே, விரலில் ஏதாவது காயமா? உப்பு, புகையிலை வைத்தியம் பலித்தது. திராட்சைத் தோட்டக்காரிக்கு அட்டை வைத்தியம் எங்கே தெரிந்தது என்று ஜஸ்டினே ஆச்சரியப்பட்டார்.

நெடுங்கண்டம் ரோட்டில் சர்ச் முக்கு வரும், அதில் இடது பக்கம் இறங்கினால் எங்கள் தோட்டம். பச்சைக் கேட். காய் எடுப்பு மும்முரமாகிவிட்டது. எடுத்த இடத்துக்கு நாற்பது நாள் கழித்து மறுபடி வர வேண்டுமாம், அதை ஒரு ரவுண்டு என்கிறார்கள். ஆள் பற்றவில்லை. ஜீப் டிரைவர்களிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறார் ஜஸ்டின்.

வெள்ளை அடித்து முடித்தாயா? செப்டம்பரில் போடிக்கு வரும்போது ஒரு நாள் உன் பந்தலுக்கு அடியில் பாய் போட்டுப் படுக்கப் போகிறேன். மாட்டேன் என்று சொல்லாதே.

ஆசையோடு,
சாரா

—

(இந்தக் கடிதம் தபாலில் சேர்க்கப்படவில்லை)

சுருளிப்பட்டி,
15 செப்டம்பர் 2024

சாரா,

நலம் கேட்க வாய் வரவில்லை. வியாழக்கிழமைதான் உன்னைப் பார்த்தேனே. முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாய்.

வெள்ளை அடிக்கவில்லை. பந்தலும் நம்முடையது இல்லை. போன வருஷம் பழம் திரண்ட நேரத்தில் ஒன்பது நாள் மழை. கொத்துக் கொத்தாக வெடித்து, பந்தலே புளித்து நாறியது. அதற்கடுத்த மாதம் உன் அண்ணனுக்குப் பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது. தோட்டத்தை வேறு ஆள் பார்க்கிறார். நான் பிப்ரவரியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறேன். உள்ளூரில் களை எடுக்கக் கூச்சம். நேற்றுவரை அவர்களுக்கெல்லாம் நான்தான் கூலி கொடுத்தேன். மலையில் யாருக்கும் என்னைத் தெரியாது என்று போனேன். போன இடத்தில் நீ வந்து உட்கார்ந்துகொண்டாய்.

உன் தோட்டம் எது என்று கேட்டதே, அந்தப் பக்கம் போகாமல் இருக்கத்தான். ஆனால் வியாழக்கிழமை, நாங்கள் வழக்கமாகப் போகும் தோட்டத்தில் ரவுண்டு முடிந்துவிட்டது. டிரைவர் யாரையும் கேட்கவில்லை, சர்ச் முக்கில் இடது பக்கம் திருப்பினார். ஓடும் ஜீப்பிலிருந்து குதிக்கவா முடியும்? தலையில் துண்டைக் கட்டி, அதன்மேல் மழைக்குப் போடும் பிளாஸ்டிக் காகிதத்தைப் போர்த்தி, நாள் முழுக்க வேருக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கேட்டில் ஒச்சாண்டி நிற்பார் என்று நினைத்தேன். நீ நின்றாய், குடையோடு.

என் தூக்குச்சட்டியைத் திறந்தாய். உள்ளே ஒரு கை பச்சைக் காய் இருந்தது. சாரா, அது என் தோட்டத்துக் கை. இருபது வருஷம் பந்தலுக்குள் போனால் ஒரு கொத்தைக் கிள்ளி மடியில் போட்ட கை. அதே மாதிரி கிள்ளிப் போட்டுவிட்டு மறந்துபோனேன். நீ காயைப் பார்த்தாய், பிறகு என் முகத்தைப் பார்த்தாய். நான் உன் செருப்பைப் பார்த்தேன். மூடியைச் சாத்தி, “போ” என்றாய்.

எனக்குப் பின்னால் நின்றவள் கருத்தம்மாள். எங்கள் ஊர்தான். எனக்குக் காய் எடுக்கக் கற்றுக் கொடுத்தவள், அட்டைக்கு உப்பு முடிந்து கொடுத்தவள். அவள் மடியை உதறினபோது ஏழெட்டுக் காய் கீழே விழுந்தது. குந்தி எடுக்கும்போது கொசுவத்தில் சிக்குவது எல்லோருக்கும் உள்ளதுதான். அந்த நேரம் பார்த்து ஜஸ்டின் அண்ணன் காய் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து வந்தார். அவர் போட்ட சத்தம் உனக்குத் தெரியும். “இவள இனிமே இந்த ரோட்டுல எந்தத் தோட்டத்துக்கும் ஏத்தக் கூடாது” என்று டிரைவரிடம் சொன்னார். பதினாலு பேர் நின்றோம். நீ குடைக்குள் நின்றாய். நான் ஜீப்பில் ஏறினேன்.

கம்பம் வரும்வரை அவள் அழுதாள். என் மடியில் தூக்குச்சட்டி இருந்தது. அதன் மூடியை அழுத்திப் பிடித்தபடியே வந்தேன்.

—

சுருளி வேலப்பர் துணை

சுருளிப்பட்டி,
22 செப்டம்பர் 2024

அன்புள்ள சாராவுக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

இந்த மாதம் நீ வர வேண்டாம். உன் அண்ணனுக்குக் கொஞ்சம் காய்ச்சல், நானும் அங்கங்கே போக வேண்டியிருக்கிறது. விரலில் காயம் ஒன்றும் இல்லை, பேனா சரியில்லை.

உங்கள் பக்கம் மழை எப்படி? ஆட்கள் கிடைக்கிறார்களா? வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

உமா

—

கம்பம்மெட்டுக்கு மேலே,
21 அக்டோபர் 2024

ஸ்தோத்திரம்.

பிரியமான உமாவுக்கு, சுகம். நீங்கள் எல்லோரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். அண்ணனுக்காகத் தனியாக ஜெபிக்கிறேன்.

பதில் போடத் தாமதமாகிவிட்டது. எழுத உட்கார்ந்தால் ஏதாவது வேலை வந்துவிடுகிறது. மழை விட்டுவிட்டது. மகிமா கிறிஸ்துமஸுக்கு வருகிறாள். இங்கேயும் வேறு விசேஷம் இல்லை.

தீபாவளி வருகிறதே என்று ஒரு பார்சல் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். எங்கள் தோட்டத்து ஏலக்காய் அரைக் கிலோ, முதல் தரம். அண்ணனுக்கு டீயில் தட்டிப் போட்டுக் கொடு. தீர்ந்துபோனால் எழுது, எப்போது வேண்டுமானாலும் அனுப்புகிறேன். என்னிடம் கேட்க உனக்கு எந்தக் கூச்சமும் வேண்டாம்.

நீ எழுதாவிட்டாலும் உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்,
சாரா

—

சுருளிப்பட்டி,
10 நவம்பர் 2024

சாராளுக்கு,

நீ சுகமா என்று கேட்கிறேன். நான் சுகம் இல்லை.

பார்சல் வந்தது. பிரிக்கவில்லை, பிரிக்காமலே வீடெல்லாம் மணக்கிறது. உன் அண்ணன் படுத்த இடத்திலிருந்து, கோணிப்போன வாயோடு, “யாரு... அனுப்புனாக?” என்று கேட்டார். உன் பேரைச் சொன்னேன். அவருக்கு இடது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்ல சிநேகிதி என்று நினைத்திருப்பார்.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ‘கேட்க உனக்குக் கூச்சம் வேண்டாம்.’ அதாவது திருடாதே, கேட்டு வாங்கிக்கொள் என்கிறாய். நீ அப்படி நினைத்து எழுதியிருக்கமாட்டாய். ஆனால் எனக்கு அப்படித்தான் கேட்டது, ஏனென்றால் திருடினது நான்.

ஆமாம் சாரா. செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி உன் கேட்டில் நின்றது நான்தான். அது உனக்கும் தெரியும், உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். அப்படியிருக்க இரண்டு பேரும் மழையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறோம். தோட்டம் போயிற்று, உன் அண்ணனுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பிப்ரவரியிலிருந்து கூலிக்குப் போகிறேன். உன்னிடம் மறைத்தேன். நீ என்னை மதித்த மாதிரி வேறு யாரும் மதித்ததில்லை, அதனால் மறைத்தேன். போன் வேண்டாம் என்று சொன்னதும் அதற்குத்தான். எழுத்தில் குரல் நடுங்குவது தெரியாது.

அன்றைக்கு மூன்றாம் நாளே உனக்கு ஒரு கடிதம் எழுதினேன், போடவில்லை. அதில், காயைக் கிள்ளிப் போட்டுவிட்டு மறந்துபோனேன் என்று எழுதியிருந்தேன். நேற்று எடுத்துப் படித்தேன், அதுவும் பொய். மறக்கவில்லை. நல்ல பருத்த காயாகப் பார்த்துப் பார்த்துத்தான் போட்டேன். காய்ந்தால் பத்து டீக்கு வராது. விற்க இல்லை, உன் அண்ணனுக்கும் இல்லை. நீ வெராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததை மத்தியானம் பார்த்தேன். வயிறு எரிந்தது. அவள் தோட்டத்தில் ஒரு கை எனக்கு இல்லையா என்று எடுத்தேன். இதை எழுதும்போது என்னையே எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

கருத்தம்மாளை இப்போது எந்த ஜீப்பிலும் ஏற்றுவதில்லை. ஊரில் களைக்குக் கூப்பிடுகிறவர்கள்கூட அவள் பையைப் பார்க்கிறார்கள். அவள் மகள் ஓவியா பத்தாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ‘ஏலக்காய்’ என்று பட்டப்பேர் வைத்துவிட்டார்களாம். ஜீப்பில் கருத்தம்மாள் உட்காரும் ஜன்னலோரத்தில் இப்போது நான் உட்காருகிறேன். அங்கே ஏறு என்று டிரைவர் சொன்னார், ஏறினேன்.

உன்னைத் திட்டவில்லை. அவளுக்கு என்ன செய்வது என்று மட்டும் சொல். பார்சலைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை, பிரிக்கவும் கை வரவில்லை. அலமாரியில் இருக்கிறது.

உமா

—

கம்பம்மெட்டுக்கு மேலே,
1 டிசம்பர் 2024

உமா,

ஸ்தோத்திரம் என்று எழுதிவிட்டு இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். மூன்று வாரமாகக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். அண்ணனுக்கு இப்போது எப்படி இருக்கிறது? இதை மட்டும் மனசாரக் கேட்கிறேன்.

உன்னைக் கேட்டில் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. காலையிலேயே தெரியும். ஜீப்பிலிருந்து இறங்கி மேட்டில் ஏறும்போது இடது தோளைச் சாய்த்து நடந்தாய். ஹாஸ்டலில் தண்ணீர் வாளி தூக்கி வரும்போது பார்த்த நடை. அது நீயாக இருக்கக் கூடாது என்று மத்தியானம் வெராந்தாவில் உட்கார்ந்து பார்த்தேன். நீதான்.

ஓடி வந்து கட்டிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை உமா, பயம். நீ துண்டை எடுத்துவிட்டு, எல்லோர் முன்னாலும் “சாரா” என்று கூப்பிட்டுவிடுவாயோ என்ற பயம். கொச்சம்மாவுக்குக் கூலிக்காரி சிநேகிதியா என்று அவர்கள் பேசுவார்களே என்று பயந்தேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சில் முதல் பெஞ்சில் உட்காருகிறவள் நான்.

ஒச்சாண்டி அன்றைக்கு ஒரு சாவு வீட்டுக்குக் கேதம் கேட்கப் போய்விட்டார். கேட்டில் என்னை நிற்கச் சொன்னார் ஜஸ்டின். சோதனையே வேண்டாம், எல்லோரும் போங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதானே? ஆனால் வரிசையில் பாதிப் பேர் போன பிறகு உன் முறை வந்தது. உன் சட்டியைத் திறக்காமல் விட்டால் ஏன் என்று கேட்பார்களே என்று திறந்தேன். உள்ளே காய் இருந்ததைப் பார்த்ததும், உண்மையைச் சொல்கிறேன், மனசுக்குள் ஒரு ஆறுதல். இனி இவள் என்னைக் கூப்பிடமாட்டாள் என்று நினைத்தேன். இதை என் வாயால் யாரிடமும் சொல்ல முடியாது. உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

கருத்தம்மாளை அவர் திட்டினபோது, இவளுக்கு முன்னால் போனவளிடம் இதைவிட அதிகம் இருந்தது, விட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் உன் பேர் வரும் என்பதால் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உன் பேருக்காக இல்லை, என் பேருக்காகத்தான்.

போன வாரம் ஜஸ்டினிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் ஒச்சாண்டியைக் கூப்பிட்டு, “அந்தக் கருத்தம்மாளை வரச் சொல்லுய்யா” என்று மட்டும் சொன்னார். ஜீப் டிரைவருக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

கருத்தம்மாளுக்கு ஒரு கடிதம் இதோடு வைத்திருக்கிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்று ஒச்சாண்டி சொன்னார். நீதான் படித்துக் காட்ட வேண்டும். உன் பேரை அதில் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து, எழுதிவிட்டேன். எழுதாவிட்டால் மறுபடியும் பாதிப் பொய்யாகிவிடும். என்னை மன்னிக்க முடிந்தால் மன்னி. முடியாவிட்டாலும் ஒரு வரி எழுது.

சாரா

—

(மேற்படிக் கவரோடு இருந்தது)

கருத்தம்மாள் அவர்களுக்கு,

ஏலத்தோட்டத்து சாராள் எழுதுகிறேன். நீங்களும் உங்கள் மகளும் நலமாக இருக்க வேண்டும்.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் எங்கள் கேட்டில் உங்களைத் திருடி என்று என் கணவர் சொன்னார். அது தவறு. உங்கள் மடியில் இருந்தது வேலை செய்யும்போது சிக்கின காய். அது தெரிந்தும் நான் பேசாமல் நின்றேன்.

உங்களுக்கு முன்னால் வந்தவரின் தூக்குச்சட்டியில் ஒரு கை நிறையக் காய் இருந்தது. அவர் உமாதேவி, என் சிநேகிதி. தெரிந்தேதான் விட்டேன். அவரை விட்டதற்கும் உங்களை விடாததற்கும் வேறு காரணம் எதுவும் இல்லை.

வேலைக்கு வாருங்கள். உங்கள் பேரில் எந்தக் குற்றமும் இல்லை என்று கங்காணிக்கும் டிரைவருக்கும் சொல்லியாகிவிட்டது. நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
சாராள் ஜஸ்டின்

—

சுருளி வேலப்பர் துணை

சுருளிப்பட்டி,
15 டிசம்பர் 2024

சாராவுக்கு,

உன் முட்டி எப்படி? உன் அண்ணன் நேற்று யார் உதவியும் இல்லாமல் இடது கையால் தம்ளரைப் பிடித்துக் குடித்தார். பார்சலைப் பிரித்துவிட்டேன். டீயில் இரண்டு தட்டிப் போட்டேன், நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அதைப் படித்துவிட்டு உன் மேல் கோபம் வரும் என்று பார்த்தேன். வந்தது. கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் நான் மட்டும் என்ன என்று தோன்றிவிட்டது. ஆனால் அன்றைக்கு நீ பயந்தது வீண். நான் கூப்பிட்டிருக்கவேமாட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ஜீப் ஸ்டாண்டுக்குக் கருத்தம்மாளை வரச் சொல்லியிருந்தார் டிரைவர். எல்லோரும் இருந்தார்கள். “ஒனக்கு ஒரு கடிதாசி வந்திருக்கு” என்று சொல்லி, நின்றபடியே படித்துக் காட்டினேன். எல்லோரும் சுற்றி வந்துவிட்டார்கள். உன் கணவர் சொன்னது தவறு என்ற இடத்தில் ஒருத்தி கையைத் தட்டினாள். அடுத்த பத்தியைப் படிக்கவில்லை சாரா. கண்ணால் பார்த்தேன், உமாதேவி என்று என் பேர் இருந்தது, தாண்டிவிட்டேன். ‘வேலைக்கு வாருங்கள்’ என்ற இடத்துக்கு வந்துவிட்டேன். தாண்டினது யாருக்கும் தெரியவில்லை.

கருத்தம்மாள் கையை நீட்டினாள். “குடு ஆத்தா. ஓவியாட்டக் காட்டணும். பிள்ள எம்புட்டோ அழுதுருச்சு” என்றாள். கொடுத்தேன். கொடுக்காமல் என்ன செய்ய? ரவிக்கைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். அன்றைக்கு நாள் முழுக்க எனக்குப் பக்கத்துச் செடியில்தான் காய் எடுத்தாள். மூன்று மாதத்துக்கும் சேர்த்துப் பேசினாள். எனக்கு ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை.

ஜீப்பிலிருந்து இறங்கினதும் வீட்டுக்குப் போகாமல் அவள் பின்னாலேயே போனேன். ஓவியா டியூஷனிலிருந்து வரவில்லை. கருத்தம்மாள் அடுப்பைப் பற்ற வைத்தாள். வாசல்படியில் நின்று சொல்லிவிட்டேன். ஒரு பத்தியை விட்டுவிட்டுப் படித்தேன், அதில் இருந்தது என் பேர், சட்டியில் இருந்தது நான் திருடின காய் என்று சொன்னேன். காலில் விழப் போனேன்.

அவள் காலை இழுத்துக்கொண்டாள். அழவும் இல்லை, திட்டவும் இல்லை.

“இத இங்கன வந்து சொல்றியே, யாருக்குச் சொல்ற? இந்த அடுப்புக்கா?” என்றாள். “என்னையத் திருடின்னு சொல்லயில எத்தன பேரு நின்னாக?”

“பதினாலு பேரு.”

“அவுக இருக்கயில சொல்லு. எனக்கு மட்டும் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?”

தாளை எடுத்து என் கையிலேயே கொடுத்துவிட்டாள். நாளைக்கு முழுசாகப் படி என்றாள்.

நேற்றுக் காலையில் படித்தேன். டிரைவர் என்ஜினை நிறுத்திவிட்டு வந்து நின்றார். என் பேர் வந்த இடத்தை முனகலாக, அவசரமாகப் படித்துவிட்டேன். யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. “யாரு? யாரு?” என்றார்கள். “நாந்தான்” என்றேன். அதன் பிறகு மிச்சத்தையும் படித்து முடித்தேன். முந்தின நாள் கை தட்டினவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சினிமாவில் வருகிற மாதிரி மன்னிப்பெல்லாம் இல்லை. “ஏறுங்க, நேரமாச்சு” என்றார் டிரைவர். கருத்தம்மாள் தன் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள். நான் கடைசியில் ஏறிப் பின் படி பக்கம் உட்கார்ந்தேன். நாலு பேர் உட்காரும் இடத்தில் எனக்குப் பக்கத்தில் இரண்டு பேர் இடம் காலியாகக் கிடந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் மூன்று மாதமாக நெஞ்சில் இருந்த கனம் நேற்று இல்லை. அதையும் சொல்ல வேண்டும்.

இறங்கும்போது கருத்தம்மாள் ஒன்று சொன்னாள். எனக்குச் சொன்ன மாதிரியும் இருந்தது, பொதுவில் சொன்ன மாதிரியும் இருந்தது.

“அந்தம்மா கடிதாசி போட்டுருச்சு, சரி. வாயி இருக்குல்ல?”

அவள் சொல்வது நியாயம்தான். நீ என்னை வைத்துச் சொல்லிவிட்டாய். நான் படித்தேன். ஆனால் நீ குடைக்குள் நின்றதை நான் படித்து என்ன பிரயோஜனம்?

இருபத்து மூன்றாம் தேதி திங்கட்கிழமை உங்கள் தோட்டத்தில் ரவுண்டு என்று டிரைவர் சொல்கிறார். நாங்கள் பதினாலு பேரும் வருகிறோம். சாயங்காலம் ஒச்சாண்டியை நிறுத்தாதே, கேட்டில் நீயே நில். கருத்தம்மாளிடம் சொல்ல வேண்டியதை எல்லோர் காதிலும் விழச் சொல்.

அப்புறம் நான் வருவேன். துண்டு போட்டு முகத்தை மூடமாட்டேன். தூக்குச்சட்டியை நானே திறந்து காட்டுகிறேன், நன்றாகப் பார். பார்த்துவிட்டு ‘போ’ என்று சொல்லாதே. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடு.

உமாதேவி